பேச்சிப்பாறைக் கல்லறை, திருப்பதிசாரம் நெல், மட்டிப்பழம்: வேளாண்மையில் யாருக்கு என்ன மரியாதை?

ஆண்டுதோறும் ஜனவரி 25 மாலை பத்ம விருதுப் பட்டியல் வெளியாகும். மறுநாள் சென்னைக் குடியரசு நாள் விழாவில், மாநிலத்திலேயே நெல்லில் அதிக விளைச்சல் எடுத்த உழவருக்கு முதலமைச்சர் பதக்கமும் பணமும் கொடுப்பார். வேறொரு நாள் ஏதாவது ஒரு பழத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரை அந்த ஊர் விளைபொருளுக்கு மட்டும் உரியதாக்கும் பதிவு, கிடைத்தது என்று செய்தி வரும். குமரி மாவட்டத்தில் இவற்றைப் படிப்பவர்களுக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன. நம்ம பக்கத்து விவசாயி பெயர் ஏன் பட்டியலில் இல்லை? மட்டிப்பழத்துக்குக் குறியீடு கிடைத்தால் மட்டி நட்டவருக்கு என்ன கிடைக்கும்? பேச்சிப்பாறை அணை கட்டிய வெள்ளைக்காரருக்கு மாலை போடுகிறார்களே, அது எந்தக் கணக்கில் சேரும்?

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. விருது ஒரு வழி, சட்டப்படியான உரிமை ஒரு வழி, ஊராரின் நினைவு இன்னொரு வழி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பங்களிப்பைத்தான் பார்க்கும். மற்றவை அதன் கண்ணில் படாது. எந்த வழி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது என்பதைக் குமரி மாவட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். இங்குள்ள நெல்வயல் பகுதிக்கு நாஞ்சில் நாடு என்று பெயர். நாஞ்சில் என்றால் கலப்பை. ஊர்ப்பெயரிலேயே உழவைச் சுமக்கும் பகுதி இது.

பங்களிப்பு என்று எதைச் சொல்கிறோம்

வேளாண்மையில் ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும் வேலையைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. தண்ணீரைக் கொண்டு வந்தவர்கள்: அணை, கால்வாய், குளம்.
2. விதையைத் தேர்ந்தவர்கள்: வயலில் கதிர் பார்த்து ஒதுக்கிவைத்த உழவர்கள், ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக் கட்டியவர்கள்.
3. புதிய பயிரையோ கருவியையோ ஊருக்குள் கொண்டுவந்தவர்கள்.
4. உழவருக்காகப் பேசி, போராடி, கொள்கையை மாற்ற முயன்றவர்கள்.
5. காட்டையும் சதுப்பையும் வயலாக்கி, அந்த வயலில் காலமெல்லாம் வேலை செய்தவர்கள்.

நம்மிடம் இருக்கும் கௌரவங்களில் பெரும்பாலானவை முதல் நான்கு வகையினருக்குப் போகின்றன. ஐந்தாவது வகைக்கு விருதுப் பட்டியலில் தனித் தலைப்பே கிடையாது.

தண்ணீர்: ஒரு கல்லறையும் சில சானல்களும்

மழைக்காலத்தில் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் தினமும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு என்று அணைகளின் நீர்மட்டம் இருக்கும். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. நாற்று விடலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்பதை இந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. அன்று குமரி சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சிக்காலம் அது. கட்டியவர் மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர். அவருடைய கல்லறை அணைப்பகுதியிலேயே இருக்கிறது. விவசாயிகளும் பொதுப்பணித் துறையினரும் அங்கே சென்று மாலை சூட்டுவது வழக்கம்.

அணையின் தண்ணீர் பெருஞ்சாணித் தண்ணீரோடு சேர்ந்து புத்தன் அணை வழியாகச் சானல்களில் பிரிகிறது. கால்வாயை இங்கே யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை. தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனார் சானல் என்றுதான் பேச்சு. இந்தத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. கன்னி மாதத்தில் அறுவடைக்கு வருவது கன்னிப்பூ, கும்ப மாதத்தில், அதாவது மாசியில் வருவது கும்பப்பூ. கன்னிப்பூவுக்கு ஜூன் மாதம் அணை திறக்கும்போது, தலைமடையில் இருப்பவர் வானத்தைப் பார்ப்பார், கடைவரம்பில் இருப்பவர் சானலின் தூரைப் பார்ப்பார். தூர் வாராத சானலில் தண்ணீர் பாதி வழியிலேயே தேங்கிவிடும்.

மிஞ்சினையும் பென்னிகுயிக்கையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். முல்லைப்பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் அரசே மணிமண்டபம் கட்டி 2013 ஜனவரி 15-இல் திறந்தது. அவர் பிறந்தநாளும் தைப்பொங்கலும் ஒட்டி வருவதால் தேனிப் பக்கம் அவருக்குப் பொங்கலே வைக்கிறார்கள். மிஞ்சின் பெயர் குமரி எல்லையைத் தாண்டி அவ்வளவாகப் போகவில்லை. அணையின் தகுதியில் உள்ள ஏற்றத்தாழ்வு இதற்குக் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. முல்லைப்பெரியாறு இரு மாநில வழக்கானது. வழக்கு நடக்கும் இடத்தில் கட்டியவரின் பெயர் அடிக்கடி உச்சரிக்கப்படும். பேச்சிப்பாறை ஓசையில்லாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது.

அணைக்கும் முந்தைய வேலைகள் இன்னும் இருக்கின்றன. பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்ற பெயர்களிலேயே ஒரு பழைய மரியாதை ஒளிந்திருக்கிறது. விருது என்ற ஏற்பாடு வருவதற்கு முன் நம் முன்னோர் கௌரவித்த முறை இதுதான்: வெட்டியவர் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். மன்னர் பெயர் நின்றது. மண் சுமந்தவர் பெயர் நிற்கவில்லை.

அந்த மண் சுமந்தவர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. திருவிதாங்கூரில் அடிமை முறை அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது 1855-இல். அதுவரை நெல்வயல்களில் உழுதவர்கள், நட்டவர்கள், வரப்பு வெட்டியவர்களில் பலர் விற்கவும் வாங்கவும் பட்ட மனிதர்கள். நிலத்தோடு சேர்த்தே கைமாறினார்கள். நாஞ்சில் நாட்டை நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் களஞ்சியத்தின் கணக்கேட்டில் இவர்கள் சொத்துப் பத்தியில் இருந்தார்கள். இவர்களைக் கௌரவிக்க இன்றைய எந்த விருது விதியிலும் இடமில்லை. இதை விதியின் குறையென்று மட்டும் சொல்லிவிட முடியாது. பெயரே பதியப்படாதவருக்கு எந்த விதி உதவும்?

பிந்தைய காலத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் சேர்ந்தது. காமராசர் முயற்சியால் வந்தது, 1966-இல் கட்டி முடிந்தது. பரளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் போகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வறண்ட மேட்டுநிலங்களுக்காகக் கட்டியது. இன்று அங்கே போகிறவர்களில் அதிகம் பேர் செல்பி எடுக்கப் போகிறார்கள்; மேலே தொட்டியில் ஓடும் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறதென்று கேட்பவர் குறைவு.

விதை: இரண்டு பெற்றோர், ஒருவருக்கு மட்டும் பரிசு

விதையில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த நெல் ரகங்களுக்கு டி.பி.எஸ். என்று பெயர், திருப்பதிசாரத்தின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த சுருக்கம். 1980-களில் வந்த டி.பி.எஸ். 1 என்ற ரகம் இரண்டு நெல்களை ஒட்டுக் கட்டி உருவானது. ஒன்று ஐ.ஆர். 8. மற்றொன்று இந்த மண்ணின் கட்டிச்சம்பா.

ஒட்டுக் கட்டுவதென்றால் என்ன? நெற்பூ தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். அது நடப்பதற்குள், ஒரு நெல்லின் பூவிலிருந்து ஆண் பாகத்தைக் கவனமாக நீக்கிவிட்டு, இன்னொரு நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் தூவுவார்கள். கிடைக்கும் விதையை விதைத்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் வேண்டிய குணமுள்ள செடிகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, பல ஆண்டுகளில் ஒரு ரகத்தை நிலைநிறுத்துவார்கள். ஐ.ஆர். 8 குட்டையாக நின்று, போட்ட உரத்தை வாங்கி, சாயாமல் அதிகம் விளையும். உள்ளூர் ரகம் இந்த மண்ணுக்கும் இரண்டு பருவமழைக்கும் பழகியது. இரண்டையும் சேர்ப்பதுதான் நோக்கம்.

ஐ.ஆர். 8 பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1966-இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹென்றி பீச்சலுக்கு 1996-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் பிறந்த குர்தேவ் குஷ் அவரோடு அதைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பரிசின் முதல் ஆளே எம்.எஸ். சுவாமிநாதன்தான், 1987-இல்.

மறுபக்கம் கட்டிச்சம்பா. எத்தனையோ தலைமுறைக்கு முன் யாரோ ஒருவர் அறுப்புக்கு முன் வயலில் இறங்கி, தாளும் மணியும் பார்த்து, இந்தக் கதிரை விதைக்கு வை என்று வீட்டில் கொடுத்திருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் மகனோ மருமகளோ அதையே செய்திருக்கிறார்கள். குதிருக்குள் போகாமல் தனியே காயவைத்துக் கட்டிய விதைக்கோட்டைதான் அந்த ஆராய்ச்சியின் ஆவணம். டி.பி.எஸ். 1-இன் பாதிப் பரம்பரை அங்கிருந்து வருகிறது. பரிசு மறுபாதிக்குப் போயிற்று.

பீச்சலுக்குத் தகுதியில்லையென்று சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது முறைதான். நம் பரிசுகளுக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் தேவைப்படுகின்றன. கட்டிச்சம்பாவுக்கு இரண்டும் இல்லை. நம்முடைய நெல் ரகங்களின் பெயர்களைக் கவனித்தால், ஆராய்ச்சியாளருக்கும் அதே கதிதான் என்பது தெரியும். அம்பை 16 என்றால் அம்பாசமுத்திரம் நிலையத்தின் ரகம். ஆடுதுறை என்றால் ஆடுதுறை. ரப்பரிலும் அப்படியே, குமரித் தோட்டங்களில் நூற்றைந்து என்று சொல்லும் கன்று, கோட்டயத்து இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தின் 105-ஆம் எண் ரகம். ஆள் பெயர் இல்லை, எண் மட்டும்.

இடையில் ஒரு தகவல். திருப்பதிசாரம், வைணவ மரபில் நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்த ஊர். அந்த ஆழ்வாரின் பெயரையே கொண்ட, இயற்கை வேளாண்மைக்காகப் பேசிய கோ. நம்மாழ்வார், ஒட்டுநெல் ஆராய்ச்சியோடும் ரசாயன உரத்தோடும் நீண்ட காலம் வாதாடியவர். ஆழ்வாரின் தாய் ஊரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது தற்செயல். என்றாலும் சுவையான தற்செயல்.

பயிரும் பெட்டியும்: பெயர் ஒட்டிக்கொண்ட இடங்கள்

மரச்சீனிக் கிழங்கு இல்லாத குமரி மாவட்டத்தை நினைக்க முடியாது. அவித்த கிழங்கும் மீன்குழம்பும் இங்கே ஏழைக்கும் பணக்காரருக்கும் பொதுவான சாப்பாடு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பயிரைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் மக்கள் பசியாறியது பெரும்பாலும் இந்தக் கிழங்கால்தான். அரசர்களில் கோயில் கட்டியவரை நினைவில் வைக்கிறோம். கிழங்கு கொடுத்தவரை அந்த அளவுக்கு நினைப்பதில்லை.

மார்த்தாண்டம் தேனீ வளர்ப்பு இன்னொரு வகை. 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், சிறு விவசாயிக்குக் கைத்தொழிலாகத் தேனீப் பெட்டியை அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர். அந்தப் பெட்டிக்குப் பெயர் நியூட்டன் பெட்டி. ஆப்பிள் விழுந்த நியூட்டன் அல்லர். 1910-களில் திருச்சியில் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்றபடி சிறிய பெட்டியை வடிவமைத்த பாதிரியார். கீழே குஞ்சு அறை, மேலே தேன் அறை, இடையில் எடுத்து எடுத்து வைக்கும் சட்டங்கள். நூறாண்டு கழித்தும் அதே பெயரைச் சொல்லித்தான் பெட்டி விற்கிறார்கள்.

குமரித் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்திலுள்ள சிறு சுரப்பிகள் இனிப்பு நீரைச் சொரியும். தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக் கூடுகளை அழித்தது. வரிசை வரிசையாகப் பெட்டிகள் காலியாயின. எஞ்சிய கூடுகளைப் பிரித்து, ராணியை வளர்த்து, திரும்பவும் பெருக்கியவர்கள் சாதாரணத் தேனீ வளர்ப்போர். பெட்டி செய்தவர் பெயர் பெட்டியில் இருக்கிறது. இனத்தைக் காப்பாற்றியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இன்றிருக்கும் வழிகள்: எது எதைப் பார்க்கிறது

1. பாரத ரத்னா, பத்ம விருதுகள். தனிமனிதருக்கானவை, பணம் கிடையாது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாதென்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பத்ம விருதுகள் பொதுவாக இறந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. மிகச் சிறப்பான நேர்வுகள் விதிவிலக்கு. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானே பரிந்துரைக்கவும் தடையில்லை. மருத்துவர், விஞ்ஞானி தவிர்த்த அரசு ஊழியர்கள் பணியில் இருக்கும்போது தகுதி பெறமாட்டார்கள். முப்பது ஆண்டு ஊர் ஊராகச் சுற்றிய வேளாண்மை அலுவலரை ஓய்வுக்கு முன் பரிந்துரைக்க முடியாதென்பது இதன் பொருள். கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டியின் பாப்பம்மாள் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றபோது வயது நூற்றைத் தாண்டியிருந்தது. வயநாட்டில் பாரம்பரிய நெல் காத்த செறுவயல் ராமனுக்கு 2023-இல் கிடைத்தது. எம்.எஸ். சுவாமிநாதனுக்கு 2024 பிப்ரவரியில், அவர் மறைந்து சில மாதங்களில், பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அவர் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் பரிந்துரைத்த கொள்முதல் விலையைக் கேட்டு அதே பிப்ரவரியில் உழவர்கள் டெல்லி நோக்கிப் புறப்பட்டார்கள். பதக்கம் வந்து சேர்ந்தது, பரிந்துரை கோப்பிலேயே இருந்தது.

2. மாநில அரசின் விருதுகள். நெல் விளைச்சலுக்கான விருது சி. நாராயணசாமி நாயுடு பெயரில் வழங்கப்படுகிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்களைத் திரட்டிய தலைவர் அவர். போராட்டத் தலைவர் பெயரில் விளைச்சல் போட்டி என்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. இளநாற்றை இடைவெளிவிட்டு நடும் திருந்திய நெல் சாகுபடி முறையில் பயிரிட்ட வயலை அதிகாரிகள் முன்னிலையில் அறுத்து எடைபோட்டுப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். அளவிடப்படுவது ஒரு போகத்தின் விளைச்சல். ஒரு ரகத்தை 40 ஆண்டு காத்தவர் இந்தத் தராசில் ஏறவே முடியாது. உயிர்ம வேளாண்மைக்கு நம்மாழ்வார் பெயரில் விருதும், மரபு நெல்லுக்கு நெல் ஜெயராமன் பெயரில் பாதுகாப்பு இயக்கமும் அறிவிக்கப்பட்டது இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பத்தான். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் ஜெயராமன்.

3. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 2001. அதிகம் பேசப்படாதது, ஆனால் இருப்பவற்றில் இதுதான் வலுவானது என்பது என் கருத்து. இந்தியக் காப்புரிமைச் சட்டம் தாவரங்களுக்குக் காப்புரிமை தருவதில்லை. அதற்குப் பதிலாக வந்த இந்தச் சட்டம், ரகத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு உரிமை தரும்போதே உழவரையும் ரகம் உருவாக்குபவராகவும் காப்பவராகவும் பெயர் சொல்லி ஏற்கிறது. உழவர் தன் ரகத்தைக் கட்டணமின்றிப் பதியலாம். மரபுச் செல்வத்தைக் காத்த ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விருதும், தனி உழவர்களுக்குத் தனி விருதுகளும் உண்டு. இதைவிட முக்கியமானது 41-ஆம் பிரிவு. ஒரு புதிய ரகம் உருவாக ஒரு ஊர் மக்களின் பங்களிப்பு காரணமாக இருந்தால், அவர்கள் சார்பில் ஒரு தொண்டு நிறுவனம்கூட உரிமை கோரலாம். டி.பி.எஸ். 1 வந்த காலத்தில் இப்படியொரு சட்டம் இருந்திருந்தால், கட்டிச்சம்பா ஊர்க்காரர்களுக்குக் கேட்க ஒரு வாசலாவது இருந்திருக்கும்.

4. புவிசார் குறியீடு. 1999-இல் சட்டம், 2003-இல் நடைமுறை. இது ஆளைப் பார்ப்பதில்லை, ஊரைப் பார்க்கிறது. கீழே தனியாகப் பேசுவோம்.

5. பெயர் சூட்டல், சிலை, மணிமண்டபம். இதற்குச் சட்டமும் விதிமுறையும் கிடையாது. யார் கேட்கிறார்கள், எவ்வளவு காலம் விடாமல் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மட்டிப்பழமும் மயக்கமும்

கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் கன்னியாகுமரி கிராம்புக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. மட்டி சின்னப் பழம், மெல்லிய தோல், உரிக்குமுன்னே மணம் வந்துவிடும். கைக்குழந்தைக்கு முதல் பழமாக மசித்து ஊட்டுவது இதைத்தான். செம்மட்டி, தேன்மட்டி, மலைமட்டி என்று உள்ளுக்குள்ளும் வகைகள் உண்டு.

குறியீடு கிடைத்ததும் பரவிய தவறான எண்ணங்கள் சில:

1. இனி வேறு மாவட்டத்தில் மட்டி பயிரிடக் கூடாது. தவறு. பயிரிடலாம், கன்னியாகுமரி மட்டி என்று சொல்லி விற்கக் கூடாது.
2. குமரியில் மட்டி நட்ட எல்லோருக்கும் இந்த உரிமை தானாகவே வந்துவிடும். பாதி உண்மை. குறியீடு ஒரு அமைப்பின் பெயரில் பதிவாகும். விளைவிப்பவர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிந்துகொண்டால்தான், போலி விற்பவர்மேல் சட்டப்படி நடவடிக்கை கேட்க முடியும்.
3. ஒருமுறை கிடைத்தால் நிரந்தரம். இல்லை. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.
4. மட்டியைக் காத்த உழவருக்கான விருது இது. இல்லவே இல்லை. இதில் எந்த உழவரின் பெயரும் வராது.

கிராம்பிலும் இதே நிலை. மேற்குத்தொடர்ச்சி மலையில் மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் கிராம்பு, விரியாத மொட்டு. விரிந்துவிட்டால் விலை போகாது. எந்த மொட்டு இன்றைக்குப் பறிக்க வேண்டியது, எது இன்னும் சில நாள் நிற்கலாம் என்பதைப் பறிப்பவரின் கண்தான் முடிவு செய்கிறது. குறியீடு காக்கும் அந்தத் தரம் மரத்தின்மேல் நிற்கிற கூலியாளின் விரலில் இருக்கிறது. சான்றிதழில் மலையின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் இருக்கும்.

ஏன் குமரியிலிருந்து பெயர்கள் குறைவாகப் போகின்றன

1. சிறு நிலம். இங்கே பலருக்கு இருப்பது சென்ட் கணக்கில். வீட்டைச் சுற்றித் தென்னை, ஊடே வாழை, மிளகு, மரச்சீனி, ஓரத்தில் நாலு ரப்பர். ஒரே பயிரில் சாதனை என்று காட்ட முடியாத கலப்புப் பண்ணை இது. விருதுப் படிவங்கள் ஒரு பயிரைத்தான் கேட்கின்றன.
2. எழுத்தில் இல்லை. விதை கைமாறியது, முறை சொல்லிக்கொடுத்தது எல்லாம் வாய்வழி.
3. பட்டா ஆண் பெயரில். நாற்று நடுவதும் களை எடுப்பதும் விதை காப்பதும் பெண்கள் செய்வது. விண்ணப்பம் நிலத்தின் பெயரில் போவதால் அவர்கள் வெளியே தெரிவதில்லை.
4. காலத்தில் விண்ணப்பிப்பதில்லை. பட்டியல் வந்தபிறகு கோபப்படுவதோடு நின்றுவிடுகிறோம். பத்ம விருதுக்கான பரிந்துரைக் காலம் குடியரசு நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

ஒரு ஊர் என்ன செய்யலாம்

உயிருடன் இருப்பவரைப் பரிந்துரைக்க வேண்டுமானால் பத்ம விருது இணையதளத்தில் 800 சொல்லுக்குள் அவர் செய்ததை எழுத வேண்டும். சிறந்த விவசாயி, நல்ல மனிதர் என்று எழுதினால் பயனில்லை. எந்த ரகம், எத்தனை ஆண்டு, எத்தனை பேருக்கு விதை கொடுத்தார், அதில் எத்தனை பேர் இன்றும் பயிரிடுகிறார்கள் என்று எழுத வேண்டும். விதை வாங்கியவர்களின் கையெழுத்தோடு ஒரு பட்டியல் இருந்தால் அதன் கனமே வேறு.

ரகத்தைப் பதிய வேண்டுமானால் வழி இன்னும் எளிது. அந்த ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, தலைமுறைதோறும் மாறாதது என்று சோதிப்பார்கள். உழவர் ரகத்துக்கு இந்தச் சீர்மையில் சலுகை உண்டு. வயலில் ஓரிரு கலப்புச் செடி நின்றதற்காகத் தள்ளிவிடமாட்டார்கள். விண்ணப்பத்தோடு ஒரு சான்றுரை வேண்டும். அதை மாவட்ட வேளாண்மை அலுவலரோ, வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ தரலாம். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவரோ செயலாளரோ கையெழுத்திட்டாலும் போதும்.

அப்படியொரு குழு நம் ஊராட்சியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் அது இருக்க வேண்டும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றையும் அது வைத்திருக்க வேண்டும். எந்தப் பயிர், உள்ளூரில் என்ன பெயர், எந்த நிலத்தில் விளைகிறது, அதைப் பற்றி அறிந்தவர் யார் என்று அதில் எழுத இடம் உண்டு. கட்டிச்சம்பாவைப் பார்த்த கண்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கலாம். அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அதில் எழுதினார்கள் என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேட்கலாம்.